சோளக்காட்டு மிளகிலிருந்து ஜெனீவா வரை: உலக வர்த்தகச் சட்டம் புதிதாகப் படிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஏறி முடித்தவருக்குக் கொல்லிமலையில் முதல் வேலை டீ குடிப்பதுதான். சோளக்காட்டில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துக் கடையில் மிளகு பேரம் நடந்தது. வியாபாரி சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் உருட்டி ஊதினார். சருகும் பொக்கும் பறந்தன. இரண்டு மணியைக் கடித்து ஈரம் பார்த்தார். பிறகு, "சரக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வியட்நாம் மிளகு வந்து இறங்கிருச்சுங்களே, ரேட்டு நிக்க மாட்டேங்குது" என்றார். விற்க வந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவார்? அவருடைய கொடி ஏறியிருப்பது வீட்டுக்குப் பின்னால் உள்ள சில்வர் ஓக் மரத்தில். விலை ஏறி இறங்குவது வேறெங்கோ.

வியாபாரி சொன்னது உண்மைதானா என்று சரிபார்ப்பது எப்படி? அது தெரிந்துவிட்டால் உலக வர்த்தகச் சட்டத்தில் பாதி கைக்கு வந்துவிடும். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. கைபேசி கால்குலேட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள்

"உலகமயம்" என்று ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ஒரு பொருளைப் பிடித்து அதன் எண்ணைக் கண்டுபிடியுங்கள். உலகச் சுங்க அமைப்பு ஒவ்வொரு சரக்குக்கும் ஆறு இலக்க எண் வைத்திருக்கிறது. முழு மிளகு 0904.11, பொடித்த மிளகு 0904.12. எந்த ஒப்பந்தமானாலும் சலுகையும் தடையும் இந்த எண்ணுக்கு எதிரில்தான் எழுதப்பட்டிருக்கும். அமைச்சர்களின் பேச்சை விட்டுவிட்டு எண்ணுக்கு நேரே இருக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

படி 2: அந்த எண்ணுக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறும் இடம் இது. மிளகுக்கு இந்தியாவில் சுங்க வரி எவ்வளவு என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. குறைந்தது ஐந்து பதில்கள் உண்டு.

முதலாவது, உச்சவரம்பு. ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பில் இந்தியா எழுதிக் கொடுத்த வாக்கு அது. மிளகுக்கு 100 சதவீதம். அதற்கு மேல் போக மாட்டோம் என்று பொருள். இரண்டாவது, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக நடைமுறையில் வாங்கும் வரி: 70 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அரசாங்கத்தின் கைவசமுள்ள துருப்புச் சீட்டு. விலை சரிந்தால் எவரிடமும் கேட்காமல் 100 வரை ஏற்றலாம்.

மூன்றாவது, ஆசியான் வரி. ஆசியான் நாடுகளோடு 2009 ஆகஸ்டில் இந்தியா கையெழுத்திட்ட சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. தேயிலை, காபி, மிளகு, பாமாயிலின் இரண்டு வகைகள் ஆகியவற்றைச் சிறப்புப் பொருள்கள் என்று ஒதுக்கி, வரியை மெல்லக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். மிளகு வரி 2019 முடிவதற்குள் 70-லிருந்து 50-க்கு இறங்கியது. உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் வியட்நாம் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. நான்காவது, தெற்காசிய ஒப்பந்தத்தின் கீழ் இலங்கைக்கு 8 சதவீதம். ஐந்தாவது, 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை.

ஒரு பேச்சுக்குக் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பொது வரியில் 510 ரூபாய்க்கு இறங்கும், ஆசியானிலிருந்து 450, இலங்கையிலிருந்து 324 அல்லது வெறும் 300. ஒரே மிளகு, ஒரே துறைமுகம், நான்கு விலை. கொல்லிமலை மிளகு இதில் எதோடு மோதுகிறது என்பதைச் சரக்கோடு வரும் பிறப்பிடச் சான்று தீர்மானிக்கிறது.

படி 3: போட்ட வேலி சட்டப்படி நிற்குமா என்று கேளுங்கள்

2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2018 மார்ச்சில் அதைக் கடுமையாக்கி, 500-க்குக் கீழே வரும் மிளகுக்குத் தடையே போட்டது. மலைத்தோட்டக்காரர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ்ச்சி நியாயம்தான். ஆனால் படிக்கிறவர் உலக வர்த்தக அமைப்பின் விவசாய ஒப்பந்தத்தில் 4.2-ஆம் பிரிவின் அடிக்குறிப்பையும் புரட்டிப் பார்க்க வேண்டும். விலக்கிக்கொள்ள வேண்டிய தடைகளின் பட்டியலில் குறைந்தபட்ச இறக்குமதி விலை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அடிக்குறிப்பில்தான் வம்பு கிடக்கும். அதனால் அடிக்குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு விஷயத்தில் இந்தியா ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி வைத்திருந்த கட்டுப்பாடுகளை அமெரிக்கா எதிர்த்தது. 1999 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மிச்சமிருந்த கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1-இல் விலகின. சுங்க வரி மட்டுமே வேலி என்ற நிலை அன்றுதான் வந்தது.

படி 4: பிறந்த ஊர் எது என்று பாருங்கள்

வரி நாட்டுக்கு நாடு மாறுவதால், மிளகு எங்கே விளைந்தது என்ற காகிதத்துக்கு மிளகைவிட மதிப்பு. வேறு நாட்டு மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் வருகிறது என்பது தென்னிந்திய விவசாயிகளின் நெடுநாள் புகார். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளரே பிறப்பிடத்துக்கான விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று சுங்கத்துறை விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் மிளகின் முகத்தில் ஊர் எழுதியிருப்பதில்லை.

படி 5: ஒரு வழக்கை முழுசாகப் படியுங்கள்

பத்து வழக்கின் சுருக்கத்தைப் படிப்பதைவிட ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது மேல். மலையிறங்கினால் அதற்கு ஏற்ற ஊர் இருக்கிறது: நாமக்கல். கோழிப் பண்ணையும் முட்டை லாரியும் இல்லாத சாலை அங்கே குறைவு.

வழக்கின் எண் 430. பறவைக் காய்ச்சல் வந்த நாடுகளிலிருந்து கோழி இறைச்சி, முட்டை உள்ளிட்டவற்றை இந்தியா தடுத்தது. அமெரிக்கா 2012 மார்ச்சில் ஜெனீவாவில் புகார் கொடுத்தது. வாதம் எளிமையானது. ஒரு மாநிலத்தில் நோய் வந்தால் அந்த நாடு முழுவதையும் ஏன் தடுக்கிறீர்கள்? வீரியம் குறைந்த கிருமிக்கும் அதே தடை ஏன்? ஆபத்தை அறிவியல்படி மதிப்பிட்டீர்களா? சுகாதார, தாவர நல ஒப்பந்தம் இந்த மூன்றையும் கேட்கிறது. 2014 அக்டோபரில் நடுவர் குழு அமெரிக்காவின் பக்கம் நின்றது. 2015 ஜூன் 4-இல் மேல்முறையீட்டு அமைப்பும் பெருமளவு அதையே உறுதிசெய்தது.

தோற்றால் என்ன ஆகும்? போலீஸ் வராது. தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, ஆண்டுக்கு 45 கோடி டாலர் அளவுக்குப் பதிலடி வரி போட 2016-இல் அமெரிக்கா அனுமதி கேட்டது. பிறகு பல ஆண்டுகள் இழுபறி. 2023 செப்டம்பரில் இரு நாடுகளும் சமரசத்துக்கு வந்தன. உறைந்த வான்கோழி, வாத்து, புளூபெர்ரி, கிரான்பெர்ரி போன்றவற்றுக்கு இந்தியா வரி குறைத்தது. கோழி வழக்கு பெர்ரிப் பழத்தில் முடிந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வர்த்தக வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன.

நாமக்கல்லில் அன்று எல்லோரும் இதை நமக்கு வந்த தோல்வி என்றே பார்த்தார்கள். நான் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. 2025-இல் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. கேரளத்தில் வாத்துக்குப் பறவைக் காய்ச்சல் வந்தால், "மொத்த இந்திய முட்டையும் வேண்டாம்" என்று வாங்கும் நாடு சொல்லிவிடக் கூடாதே என்றுதான் இங்கே பண்ணையாளர் தவிப்பார். நோய் வந்த பகுதியை மட்டும் விலக்கு, மற்றதை விடு என்று கேட்க அவருக்கு இருக்கும் ஆயுதம், 2015-இல் இந்தியா எதிர்த்து வாதாடித் தோற்ற அதே விதிதான். 2024 டிசம்பரில் ஓமன் புதிய முட்டை இறக்குமதி அனுமதிகளை நிறுத்தியபோது, முட்டை விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. விதியின் பலத்தை வாங்குகிறவனாக இருக்கும்போது யாரும் உணர்வதில்லை. விற்கப் போகும்போதுதான் தெரிகிறது.

படி 6: மாடி பூட்டியிருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேலே சொன்ன வழக்கு இன்று நடந்தால் வேறுவிதமாகப் போகும். மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து மறுத்ததால், 2019 டிசம்பர் 11 முதல் அங்கே வழக்கு கேட்க ஆள் போதவில்லை. கடைசி உறுப்பினரின் பதவிக்காலம் 2020 நவம்பரில் முடிந்தது. இப்போது தோற்கிற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு அங்கேயே உறைந்துவிடும். தீர்ப்பு கட்டுப்படுத்தாது. மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவர், பூட்டிக் கிடக்கும் உயர் நீதிமன்றத்தின் வாசலில் மனுவை வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவது போல.

இந்தியாவும் அந்த வாசலில் மனு வைத்திருக்கிறது. பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த சர்க்கரை வழக்கில் 2021 டிசம்பரில் நடுவர் குழுவின் முடிவு நமக்கு எதிராக வந்தது. அதை எதிர்த்து இந்தியா மேல்முறையீடு செய்தது. கரும்பு விவசாயிக்கு இதனால் மூச்சுவிட நேரம் கிடைத்தது, உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட சில நாடுகள் 2020-இல் தங்களுக்குள் ஒரு மாற்று நடுவர் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை.

படி 7: பேச்சுவார்த்தை எந்த அறைக்குப் போகிறது என்று கவனியுங்கள்

1947 அக்டோபர் 30-இல் காட் எனும் வர்த்தகப் பொது உடன்படிக்கை உருவானபோது இருந்த 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1995-இல் பிறந்த உலக வர்த்தக அமைப்பில் இப்போது 166 உறுப்பினர்கள். அத்தனை பேரும் தலையாட்டினால்தான் எதுவும் நிறைவேறும். 2001-இல் தோஹாவில் தொடங்கிய பேச்சுவார்த்தைச் சுற்று அதனால்தான் முடியவே இல்லை.

கொல்லிமலைக்கு நெருக்கமான ஒரு பேச்சு அதில் சிக்கிக் கிடக்கிறது: ரேஷனுக்கான பொதுக் கொள்முதல். உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் ஆதரவு தரக் கூடாது என்பது விதி. அதைக் கணக்கிட எடுப்பதோ 1986-88 விலை. 2013-இல் பாலி மாநாட்டில், நிரந்தரத் தீர்வு வரும்வரை இந்த வரம்பைத் தாண்டியதற்காக வழக்குப் போட மாட்டோம் என்ற சமாதான ஏற்பாடு கிடைத்தது. 2024-இல் அபுதாபி மாநாட்டிலும் நிரந்தரத் தீர்வு வரவில்லை. ஒரு சின்ன இடைச்செருகல்: இந்தியா போராடுவது முக்கியமாக அரிசிக்காகவும் கோதுமைக்காகவும். கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியதற்கு ஜவ்வரிசி ஆலைகளின் தேவையோடு, மலைக்கு வந்த ரேஷன் அரிசியும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல ஆண்டுகளாகச் சிறுதானியங்களை மீட்கப் பாடுபடுகிறது.

பொது அறை அடைத்துக்கொண்டதால் பேச்சு தனி அறைகளுக்குப் போய்விட்டது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுவிட்சர்லாந்து, நார்வே இருக்கும் நான்கு நாட்டுக் கூட்டமைப்புடனான ஒப்பந்தம் 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கின்மீது 50 சதவீத வரி விதித்தபோது ஜெனீவாவால் எதுவும் செய்ய முடியவில்லை. நவம்பரில் காபிக்கும் மசாலாப் பொருள்களுக்கும் விலக்கு வந்தது. அதுவும் ஒருதலை முடிவுதான்.

இன்னொரு பக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக் கூடாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை தர வேண்டும். அமலாகும் தேதி மறுபடி மறுபடி தள்ளிப்போகிறது. பலா மரத்தடியில் அரை ஏக்கர் காபி வைத்திருக்கும் மலைவாசியிடம் எந்த நாட்டுப் பேச்சாளரும் கலந்து பேசி இதை எழுதவில்லை. வருங்காலச் சட்டம் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும் என்பது என் கணிப்பு: பெரிய சந்தை தன் வீட்டுக்குள் எழுதும், சின்னத் தோட்டக்காரர் வெளியே நின்று நிரப்புவார்.

படி 8: மறுபடி சோளக்காட்டுக்கு வாருங்கள்

இப்போது வியாபாரியின் வார்த்தையைச் சோதிக்கலாம். 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறங்கத் தடை. வியட்நாம் என்றால் அதன்மேல் 50 சதவீதம். ஆக, உள்நாட்டில் விற்க முறைப்படி வரும் வியட்நாம் மிளகு 750 ரூபாய்க்குக் குறைய வழியில்லை. இலங்கை மிளகு 540-க்கு வரலாம், இலவச ஒதுக்கீட்டில் 500-க்கே வரலாம். பதப்படுத்தி மறு ஏற்றுமதி செய்ய வரும் சரக்குக்கு இந்தக் கட்டுப்பாடு வேறு மாதிரி. அது உள்ளூர்ச் சந்தைக்குக் கசிகிறது என்ற புகாரும் உண்டு.

டீ கிளாஸை வைத்துவிட்டு நான் போய்க் கேட்டேன்: "வியட்நாம் சரக்கு என்ன ரேட்டுங்க? எந்த வரியில இறங்குச்சுங்க?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் தெரியாதுங்க, கீழ இருந்து போன்ல சொல்றாங்க, நாங்க சொல்றோம்" என்றார். பெரியவர் மட்டும் திரும்பி, "இலங்கைச் சரக்கா இருக்குமோ?" என்று கேட்டார். தராசில் மூட்டை ஏறியது.