ஓசை மட்டும் போதாது: டயாபிரம் பம்பை அறிந்துகொள்வோம்

பக்கவாதத்தாலோ முதுகெலும்புக் காயத்தாலோ படுக்கையில் இருக்கும் ஒருவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தார், காற்று மெத்தை ஒன்றையும் வாங்கிச் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. 'ஏர் பெட்' எனப்படும் அம்மெத்தையின் கால்மாட்டில் ஒரு சிறு பெட்டி தொங்கும். இரவும் பகலும் மெல்லிய ரீங்காரத்துடன் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓசை கேட்கும்வரை மெத்தை வேலை செய்கிறது என்றே நாம் நம்புகிறோம். ஆனால், ஓசை இருந்தும் மெத்தையில் காற்று இல்லாமற் போவதுண்டு. அதன் காரணத்தை அறிய, பெட்டிக்குள் இருக்கும் டயாபிரம் பம்பு இயங்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும்.

நம் உடலில் உள்ள முன்மாதிரி

நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே குடை போல் கவிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். ஆங்கிலத்தில் அதையே டயாபிரம் என்பர். அது சுருங்கிக் கீழிறங்கும்போது நெஞ்சறை விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. தளர்ந்து மேலெழும்போது நெஞ்சறை சுருங்குகிறது, காற்று வெளியேறுகிறது. இங்கே காற்று வந்த வழியே திரும்பிச் செல்கிறது.

இதயமும் சுருங்கி விரிகிறது. ஆனால் இரத்தம் வந்த வழியே திரும்புவதில்லை. இதய வால்வுகள் அதை ஒரே திசையில் மட்டுமே செல்ல விடுகின்றன.

உதரவிதானத்தின் அசைவையும் இதய வால்வுகளின் காவலையும் ஒன்றாகச் சேர்த்தால் கிடைப்பதே டயாபிரம் பம்பு.

இயங்கும் விதம்

கொல்லன் பட்டறையின் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துருத்தியின் தோலை விரித்தால் காற்று உள்ளே புகும். அழுத்தினால் குழாய் வழியே உலைக்குப் பாயும். புகுந்த வழியே காற்று திரும்பாதபடி ஒரு மடல் தடுக்கும்.

டயாபிரம் பம்பில் தோலுக்குப் பதிலாக ரப்பர் போன்ற நெகிழும் பொருளால் ஆன சவ்வு உண்டு. அதன் ஒரு பக்கத்தில் சிறிய அறை. அறைக்கு இரு வாயில்கள். ஒவ்வொன்றிலும் ஒருவழி வால்வு. சவ்வு பின்னோக்கி இழுக்கப்படும்போது உள்வாயில் திறந்து காற்றோ நீரோ நுழைகிறது. சவ்வு முன்னோக்கித் தள்ளப்படும்போது உள்வாயில் மூடிக்கொள்ள, வெளிவாயில் திறந்து நுழைந்தது வெளியேறுகிறது.

சவ்வை அசைக்க மோட்டார், அழுத்தப்பட்ட காற்று, மின்காந்தம் எதையும் பயன்படுத்தலாம். காற்று மெத்தைப் பெட்டிகளிலும் மீன் தொட்டிக் காற்றுப் பம்புகளிலும் பெரும்பாலும் மின்காந்தமே சவ்வை அதிரச் செய்கிறது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது. நாம் கேட்கும் ரீங்காரம் அந்த அதிர்வின் ஓசைதான்.

இப்பம்பின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. உள்ளே செல்லும் பொருள் சவ்வையும் வால்வுகளையும் அறைச் சுவரையும் மட்டுமே தொடுகிறது. சவ்வுக்கு அப்பால் இருக்கும் மோட்டாரையோ எண்ணெயையோ அது தொடுவதில்லை.

தொழிற்சாலைகளில்

தறி நெய்யும் பொதட்டூர்பேட்டைக் குடும்பங்களுக்குச் சாயமேற்றிய நூல் புதியதன்று. நூலுக்குச் சாயமேற்றிய பின் மிஞ்சும் கழிவுநீரால் திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டதும், 2011 ஜனவரியில் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை அங்கு உறுதியானது.

இத்தகைய சுத்திகரிப்பு நிலையங்களில் டயாபிரம் பம்புக்கு இரு வேலைகள் உண்டு. ஒன்று, அமிலம் போன்ற வேதிப்பொருள்களை அளந்து கலப்பது. சவ்வின் ஒவ்வோர் அசைவும் ஏறத்தாழ ஒரே அளவைத் தள்ளுவதால், அசைவின் நீளத்தையும் வேகத்தையும் மாற்றி அளவைக் கட்டுப்படுத்தலாம். குடிநீரில் குளோரின் கரைசலைக் கலப்பதும் இம்முறையில்தான். மற்றொன்று, சேறு போன்ற கசடைப் பிழியும் இயந்திரத்துக்குத் தள்ளுவது. இதற்கு இரட்டைச் சவ்வுப் பம்பு பயன்படுகிறது. ஒரே தண்டில் இணைந்த இரு சவ்வுகளை அழுத்தப்பட்ட காற்று மாறி மாறித் தள்ளும். பம்பில் மின்மோட்டார் இல்லாததால், தீப்பற்றக்கூடிய பெயின்ட், கரைப்பான் முதலியவற்றைக் கையாளும் இடங்களிலும் இது விரும்பப்படுகிறது.

மருத்துவத்தில்

அமிலத்திடமிருந்து இயந்திரத்தைக் காப்பதற்குத் தொழிற்சாலையில் உதவும் அதே சவ்வு, மருத்துவத்தில் இயந்திரத்திடமிருந்து நோயாளியைக் காக்கிறது. வயிற்றறை வழி டயாலிசிஸ் செய்யும் சில தானியங்கி இயந்திரங்களில், கிருமி நீக்கிய திரவம் ஒருமுறை பயன்படுத்தும் உறைக்குள்ளேயே ஓடுகிறது. அதன் சவ்வை இயந்திரம் வெளியிலிருந்து காற்றால் அழுத்துகிறது. திரவம் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும் மின்னணுக் கருவியின் கைப்பட்டையில் காற்றை நிரப்புவதும், வீட்டில் பயன்படுத்தும் சளி உறிஞ்சும் கருவிகள் பலவற்றில் உறிஞ்சுவிசையை உண்டாக்குவதும் இப்பம்புதான். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், மருத்துவர் மைக்கேல் டிபேக்கி காற்றால் இயங்கும் சவ்வுப் பம்பு ஒன்றை ஒரு பெண் நோயாளியின் இதயத்துக்குத் துணையாகப் பொருத்தினார். பத்து நாள்கள் துணை நின்ற பின் அது அகற்றப்பட்டது; அவர் நலமடைந்தார்.

பராமரிப்போர் கவனத்திற்கு

சவ்வு ஓயாமல் வளைந்து நிமிர்வதால் நாளடைவில் தளரும் அல்லது கிழியும். அப்போதும் மின்காந்தம் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஓசை கேட்கும், காற்று மட்டும் வராது. ஆகவே ஓசையை நம்பாமல் கையால் சோதியுங்கள்.

காற்று மெத்தைக்கு:

1. நாள்தோறும் நோயாளியின் இடுப்பெலும்புக்கு நேர்கீழே, காற்று மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்குமாறு கையை நுழையுங்கள். கைக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை பயன்தரவில்லை என்று பொருள்.

2. மெத்தையின் அறைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி உப்பித் தாழ்கின்றனவா என்று பாருங்கள். குழாய் மடங்கியிருந்தால் நேராக்குங்கள்.

3. தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் தூசு மிகுதி. பெட்டியில் காற்று நுழையும் இடத்தை அது அடைத்துவிடும். மின் இணைப்பை நீக்கியபின், குறிப்பேட்டில் உள்ளபடி வடிகட்டியைத் தூய்மை செய்யுங்கள்.

4. மின்தடையின்போது மெத்தை மெல்லத் தாழக்கூடும். அந்நேரத்தில் நோயாளியை வழக்கத்தைவிட அடிக்கடி திருப்பிப் படுக்க வையுங்கள்.

சளி உறிஞ்சும் கருவிக்கு:

1. புட்டி நிரம்பும் முன்பே காலி செய்யுங்கள். திரவம் பம்புக்குள் புகுந்தால் சவ்வும் வால்வும் பழுதாகும். வடிகட்டி நனைந்தால் புதியதை மாற்றுங்கள்.

2. குழாயின் முனையை விரலால் மூடிப் பாருங்கள். அழுத்தமானியின் முள் உயர வேண்டும். உயராவிட்டால் இணைப்புகளையும் புட்டி மூடியையும் இறுக்குங்கள். அப்போதும் உயராவிட்டால் பம்பைப் பழுது பார்க்க வேண்டும்.

3. செவிலியர் குறித்துத் தந்த அழுத்த அளவை மீறாதீர்கள். ஒருமுறை உறிஞ்சுவது 15 விநாடிகளுக்கு மேல் நீளலாகாது.

மெத்தை எவ்வளவு நன்றாக இயங்கினாலும், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் கடமையை அது ஏற்றுக்கொள்ளாது. செவிலியர் சொன்ன கால இடைவெளியைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களை நாள்தோறும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் வெளுக்காமல் இருந்தாலோ, மாநிற, கரிய தோலில் ஓரிடம் மட்டும் மேலும் கறுத்தோ சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலோ அது படுக்கைப் புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், அதன்மீது நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள்.