பாவாடையைப் பார்த்ததும் வகை சொல்லலாம்!

பெருநாளோ பொங்கலோ நெருங்கிவிட்டால் கோட்டைப்பட்டினத்திலிருந்து துணியெடுக்க அறந்தாங்கிக்கு பஸ் ஏறுவோம். கடையில் "அம்ப்ரெல்லா, ஏ லைன், லெஹங்கா" என்று அடுக்கும்போது சும்மா தலையாட்டாதீங்க தோழிகளே! இடுப்பையும் தையலையும் கவனித்தால் எது எதுவென்று தெரிந்துவிடும், காசும் மிஞ்சும்.

1. இடுப்பில் நெருக்கமாகச் சுருக்கோ கொசுவமோ வைத்து, துணி கீழ்வரை நேராக இறங்கினால் அது நம்ம பட்டுப்பாவாடை வகை. கரைக்கு மேலே இரண்டு டக் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் அடுத்த பண்டிகைக்கும் அதே பாவாடைதான்.

2. இடுப்பில் சுருக்கே இல்லை, கீழே மட்டும் அலையலையாக விழுகிறதா? குடைப் பாவாடை. தரையில் விரித்தால் தட்டையாகப் படுப்பது முழு வட்டம், படுக்காமல் கூம்பி நிற்பது அரை வட்டம். அரை வட்டத்துக்கு முழு வட்டத்தின் விலையைக் கொடுப்பானேன்?

3. குடைப் பாவாடையை வீட்டிலேயே வெட்டுகிறவர்கள், இடுப்பளவை முழு வட்டத்துக்கு 6.28-ஆலும் அரை வட்டத்துக்கு 3.14-ஆலும் வகுத்து ஆரம் எடுங்கள். 25 இன்ச் இடுப்புக்கு 4 இன்ச், 8 இன்ச் வரும். உடனே கீழ்மடிப்பு அடித்துவிடாமல் ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிடுங்கள். மூலைவாட்டில் துணி இழுபட்டு இறங்கும், காலையில் சமமாக நறுக்கி மடித்தடித்தால் ஒருபக்கம் தொங்காது.

4. இன்ஸ்கர்ட்டில் மேலிருந்து கீழே ஓடும் தையல்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால் ஆறு கட், எட்டு இருந்தால் எட்டு கட். பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக வைத்து வெட்டினால் துணி நிறைய மிச்சமாகும்.

5. சுருக்கும் இல்லை, அலையும் இல்லை, லேசாக விரிந்து நின்றால் ஏ லைன். துணி குறைவாகப் பிடிக்கும், துவைக்கவும் லேசு. அன்றாட உடுப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

6. முழங்கால் பக்கம் ஒடுங்குவது பென்சில் ஸ்கர்ட். பின்னால் திறப்பு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பஸ் படி ஏற முடியாது!

7. லெஹங்கா என்று தனி வெட்டு ஏதுமில்லை, பெரும்பாலும் குடையோ பல கட்டோதான். உள்ளே கைவிட்டுப் பாருங்கள். அந்தப் புசுபுசுப்பெல்லாம் கேன்கேன் என்ற விறைப்பு வலைத்துணியின் வேலை. பெட்டியில் கிடக்கும் பழைய பட்டுச்சேலையில் தைத்துக்கொண்டால் தையல்கூலியோடு முடிந்தது.

8. வகை தெரிந்தாச்சு, இனி இடுப்புக் கட்டைப் பாருங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஹூக் சீக்கிரம் துருப்பிடிக்கும். நாடாவோ பிளாஸ்டிக் ஜிப்போ வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பருத்தியில் துருக்கறை பட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசலாம். பட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

9. நாடாவை இறுக்கி, தினமும் ஒரே இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள். சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவந்த இரண்டு பெண்களுக்கு ஆறாத புண் புற்றாக மாறியதை 2024-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இந்திய டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். நாடா கோர்க்கும் பட்டி அகலமாக இருக்கட்டும், புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

10. துவைக்கும்போது நாடா உருவிக்கொண்டு வருகிறதா? பின்பக்கம் நடுவில் நாடாவையும் பட்டியையும் சேர்த்து இரண்டு தையல் போட்டுவிடுங்கள். அவசரத்தில் ஊக்கைத் தேடி நாடா கோர்க்கிற வேலை மிச்சம்.