உண்மைக் கணக்கு எழுது, தாயி

கெங்குவார்பட்டி,
கார்த்திகை மாதம்.

அன்பு மருமகளே,

நீ அனுப்பிய குரல் பதிவுகள் இரண்டையும் கேட்டேன். ஒன்றில் கோல்ஃப் மட்டையின் மேல் கோபம். இன்னொன்றில் டல்லாஸ் கூடைப்பந்து அணியின் மேல் கோபம். இரண்டிலும் மூச்சு வாங்கப் பேசியிருக்கிறாய். "சாப்பிட்டேன் அத்தை" என்று ஒரு வார்த்தையைக் காணோம். டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் குளிர் தொடங்கியிருக்குமே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? சின்ன வயதில் காது வலி வந்துவிட்டால் ராத்திரி முழுக்க என் மடியை விட்டு இறங்கமாட்டாய்.

இங்கே நல்ல மழை. மேகம் விலகும்போதெல்லாம் மலையில் எலிவால் அருவி தெரிகிறது. மஞ்சளாற்றில் தண்ணீர் வருகிறது. அண்ணனும் மதினியும் சுகம். உன் பழைய பந்தை அண்ணன் இன்னும் காற்றடித்துத்தான் வைத்திருக்கிறான். பேசினால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன். எழுத்தை மறித்துப் பேச முடியாது, பார்.

முதலில் கூடைப்பந்து. 2025 பிப்ரவரி முதல் தேதி ராத்திரி டல்லாஸ் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. சம்பளம் வாங்கியதும் நீ முதலில் வாங்கியதே அந்த 77-ஆம் எண் சட்டையைத்தானே. 25 வயதுப் பிள்ளை. அதற்கு முந்தைய ஜூன் மாதம்தான் அணியை இறுதிச் சுற்று வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். அவனைக் கொடுத்துவிட்டு 31 வயது ஆண்டனி டேவிஸையும், மேக்ஸ் கிறிஸ்டியையும், 2029-இல் புதுமுகம் எடுக்கும் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் பெரும்பாலான வீரர்களைக் கேட்காமலே மாற்றிவிடலாம் என்பதுதான் ஒப்பந்தம். டல்லாஸிலேயே இருந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் கேட்கும் தகுதி அவனுக்கு வந்திருக்கும். அதுவும் அந்த ராத்திரியோடு போனது. ஏப்ரலில் எதிரணிச் சட்டையோடு டல்லாஸுக்கு வந்து, தன்னைப் பற்றிய படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, அன்றைக்கே 45 புள்ளி போட்டான். அந்தக் காட்சியை நீ எனக்கு அனுப்பினாயே, நானும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உன் கோபம் நியாயம். ஆனால் நீ சொல்லும் காரணத்தில்தான் எனக்குக் கவலை. "டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டுவிட்டார், மார்ச்சில் அணியின் கைரி இர்விங்குக்கு முழங்கால் போய்விட்டது, நவம்பரில் மேலாளர் நிக்கோ ஹாரிசனையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதனால் அது தப்பு" என்கிறாய். உன்னோடு வேலை பார்க்கும் பையனோ, "அந்த வியாபாரத்தால்தானே புதுமுகம் கூப்பர் ஃப்ளாக் கிடைத்தான், அதனால் அது சரி" என்கிறானாம். தாயி, நீங்கள் இரண்டு பேருமே ஒரே தப்பைச் செய்கிறீர்கள். பின்னால் நடந்ததை எடுத்து முன்னால் எடுத்த முடிவுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். ஃப்ளாக்கை எடுக்கும் முதல் வாய்ப்பு டல்லாஸுக்குக் குலுக்கலில் விழ இருந்த சாத்தியம் நூற்றுக்கு 1.8. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. இர்விங்கின் முழங்காலையும் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அன்றைக்கு அவர்கள் கையில் என்ன இருந்தது என்று பார். டான்சிச் கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் கெண்டைக்கால் காயம்பட்டு உட்கார்ந்திருந்தான். அவன் உடலைப் பேணும் விதம் பற்றி நிர்வாகத்துக்கு மனத்தாங்கல் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்று ஹாரிசன் சொன்னார். இதெல்லாம் உண்மையான காரணங்களாகவே இருக்கட்டும். ஆனாலும் அப்படிப்பட்ட ஆட்டக்காரனைக் கொடுப்பது என்றால் நாலு வாசலில் விலை கேட்டிருக்க வேண்டும். ஒரே அணியோடு ரகசியமாகப் பேசி முடித்தார்கள். பதிலுக்கு வாங்கியதும் குறைவு. அதனால் பிப்ரவரி முதல் தேதியிலேயே அது தவறான முடிவு. ஃப்ளாக் வந்த பிறகும் தவறுதான். டேவிஸுக்குக் காயமே படாமல் இருந்திருந்தாலும் தவறுதான். இப்படிச் சொல்லிப் பார், உன் கோபத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கும்.

ஹாரிசனை அனுப்பிய அதே வாரத்தில் நம் ஊரிலும் இதே பேச்சு. சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜாவை எப்படிக் கொடுக்கலாம் என்று டீக்கடையில் ஒரே சண்டை. ஒரு வித்தியாசம், ஐ.பி.எல்லில் வீரர் சம்மதிக்காமல் அப்படி மாற்ற முடியாது. நான் அந்தப் பையன்களிடம் சொன்னேன்: அடுத்த சீசன் முடிந்த பிறகு வந்து "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். இன்றைக்கே ஒரு தாளில் உங்கள் கருத்தையும் காரணத்தையும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். ஒருத்தனும் எழுதவில்லை. நீயாவது எழுதுவாய் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். பெரியகுளத்தில் மே மாதம் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு உன்னைக் கூட்டிப்போவேனே, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் வெளியூர் அணிகள் ஆடும். நீ ஐஸ் கேட்டு நச்சரிப்பாய். மாதிரி ஸ்கோர் தாளையும் பேனாவையும் உன் கையில் கொடுத்து உட்கார வைப்பேன். இரண்டு புள்ளிக்கு எண்ணின் மேல் சாய்கோடு. ஃப்ரீ த்ரோவுக்குக் கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி போட்டவரின் எண்ணைச் சுற்றி வட்டம். உனக்குப் பிடித்த அணி தோற்கும்போது உன் சாய்கோடு கோணும், ஆனால் ஒரு புள்ளிகூடத் தள்ளி எழுதமாட்டாய். அந்தக் கை இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? அதைத்தான் கோல்ஃப் மைதானத்துக்கும் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

இனி கோல்ஃப். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் 2022-இல் தன் தலைமையகத்தையே நீ இருக்கும் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கே இருந்துகொண்டு ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "போன வாரம் நன்றாக ஆடினேன், இந்த வாரம் கேவலம்" என்று அழுகிறாய். போன வாரம் உன் பந்து மரத்தில் பட்டுத் திரும்பி, குழி இருக்கும் கிரீனுக்குள் விழுந்தது என்று நீயேதான் சிரித்துக்கொண்டு சொன்னாய். அது நல்ல அடி இல்லை, நல்ல நேரம். இந்த வாரம் நேராகப் போன பந்து மேட்டில் விழுந்து மணல் பங்கருக்குள் உருண்டது என்கிறாய். அது கெட்ட அடி இல்லை, கெட்ட நேரம். நம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களைப் பார்த்திருக்கிறாய். கவாத்து பண்ணாமல் தோப்பைக் காடாக விட்டவனுக்கும், மற்ற ஊரில் காய்ப்பு குறைந்த வருடம் நல்ல விலை கிடைக்கும். அதைப் பார்த்து அடுத்த வருடமும் கவாத்து வேண்டாம் என்று இருந்தால் தோப்பு போய்விடும்.

அதனால் ஒரு சின்ன நோட்டு வாங்கு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரி. இடது பக்கம் "நான் செய்தது". வலது பக்கம் "எனக்கு நடந்தது". எந்த இடத்தைக் குறிவைத்தாய், எந்த மட்டை எடுத்தாய், அவசரப்பட்டாயா என்பதெல்லாம் இடது பக்கம். மரம், காற்று, மேடு, பங்கர் எல்லாம் வலது பக்கம். ஒரு பருவம் இப்படி எழுதினால் உன் ஆட்டத்தில் எது ஓட்டை என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். புது டிரைவர் மட்டை வாங்க வேண்டும் என்ற எண்ணத்தை அதுவரைக்கும் தள்ளி வை. உன் அலமாரியில் தூங்கும் யோகா பாய்க்கும் ஓட்டக் கடிகாரத்துக்கும் துணையாக அதுவும் போய்ச் சேர வேண்டாம்.

நோட்டு என்ன சொல்லும் என்று நான் இங்கிருந்தே ஊகிப்பேன்: குழிக்குப் பக்கத்தில்தான் நீ அடிகளை இழக்கிறாய். 72 அடியில் முடிக்க வேண்டும் என்று வகுத்த மைதானத்தில், குழிக்கு இரண்டு பட், அதாவது உருட்டும் அடி, என்று 36 அடியை கிரீனுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். சரிபாதி! குழியின் அகலமோ நாலே கால் அங்குலம். தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதிதான் உள்ளே போடுகிறார்கள். நீயோ பயிற்சி நேரம் முழுவதும் டிரைவரை ஓங்கி ஓங்கி அடித்துத் தோளைப் பிடித்துக்கொள்கிறாய். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை நினைத்துப் பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் கூட ஆடியவர்களில் பலர் அவளைவிட வெகுதூரம் அடித்தார்கள். அவள் உருட்டும் மட்டையான பட்டரை நம்பினாள். வகுத்த எண்ணிக்கையைவிட 15 அடி குறைவாக முடித்து நாலாவது இடம். வெண்கலத்துக்கு ஒரே ஒரு அடி குறை. அம்மா மகேஸ்வரியே பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்.

பட் அடிப்பது உனக்குப் புதிதும் இல்லை. ஃப்ரீ த்ரோ போட்டவள்தானே நீ. கூடைப்பந்தில் யாரும் மறிக்காத அடி அது ஒன்றுதான். கோல்ஃபில் எல்லா அடியும் அப்படித்தான். ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் பந்தை மூன்று தரம் தட்டி, மூச்சை விட்டு, வளையத்தைப் பார்த்து, பிறகு எறி என்று சொல்லித் தந்தேனே, அதே மாதிரி ஒரு முறையை பட்டுக்கும் வைத்துக்கொள். குழியைப் பார், சரிவைப் பார், ஒரு தரம் மட்டையை ஆட்டிப் பார், மூச்சை விடு, அடி. வென்றுகொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும் அதே வரிசை, அதே வேகம். தினமும் வீட்டுக் கம்பளத்தில் மூன்று அடி தூரத்துக்குக் கால்மணி நேரம் போதும். பிடியையும் நிற்கும் திசையையும் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள். அவை இரண்டிலும் உள்ள தப்பை நாமே கண்டுபிடிக்க முடியாது.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பை உனக்கு வேலிக்கு வெளியே நின்று காட்டியிருக்கிறேன். 1895-இல் தொடங்கியது. காட்டுமாடு வந்து புல் மேய்ந்துவிட்டுப் போகும் மைதானம் அது. பந்து குளம்புத் தடத்தில் கிடந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "யாரும் பார்க்காதபோது எடுத்து வெளியே வைப்பேன்" என்று சொன்னாய் அப்போது. சின்னப் பிள்ளை, சிரித்தேன். இப்போது சொன்னால் சிரிக்கமாட்டேன். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் மட்டையை வைத்தபோது பந்து இம்மியளவு நகர்ந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தானே சொல்லித் தன்மேல் ஓர் அடி ஏற்றிக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் கோப்பை போனது. நூறு வருடம் ஆகியும் அவர் பெயரை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

நண்பர்கள் "அது போகட்டும், இன்னொன்று அடி" என்று சொல்வார்கள். விளையாட்டாக அடி, பரவாயில்லை. ஆனால் உன் தாளில் முதல் அடியையும் எழுது. பெயர்த்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைத்து மிதி. பங்கரில் உன் கால் தடத்தை நீயே அழித்துவிட்டு வா. மைதானத்தைப் பேணும் ஆட்களுக்கு வணக்கம் சொல். 2009-இல் இந்திய ஓப்பன் வென்ற முனியப்பா, பெங்களூரில் மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் வேலையிலிருந்து வந்தவர். பை தூக்குகிறவர்களை மரியாதையாகப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு இந்த ஆட்டம் புரியாது.

நாளைக்கு நீ வேலையில் பெரிய பொறுப்புக்கு வருவாய். ஆளை எடுப்பாய், ஆளை மாற்றுவாய். அப்போது உன்னைச் சுற்றி இருப்பவர்கள் லாபம் வந்தால் புத்திசாலி என்பார்கள், நட்டம் வந்தால் முட்டாள் என்பார்கள். இரண்டையும் நம்பாமல் உன் நோட்டின் இடது பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் இப்போதே வந்துவிட்டால், எனக்கு உன்னைப் பற்றிய கவலையில் பாதி தீரும். மீதிப் பாதி நீ நேரத்துக்குச் சாப்பிடுவது பற்றியது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலிருந்தே தொடங்கு, தாயி. எழுதிய முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எண்ணிக்கை எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி, அழித்து எழுதாமல் அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை