துத்தநாகக் குறையை ஒளி காட்டும்

வாலிகண்டபுரம் பகுதிக் கரிசல் நிலத்தில் மக்காச்சோளத்தின் இளங்குருத்து வெளுத்தால், உடனே யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். துத்தநாகம் குறைந்தாலும் குருத்து வெளுக்கும். அப்போது யூரியாச் செலவு வீண். எது குறை என்பதை மண் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

அடுப்பில் உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. இப்படி ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி ஒளி உண்டு. 1868-இல் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோட்டிலிருந்தே ஹீலியம் வாயு தெரியவந்தது.

பரிசோதனை நிலையத்தில் மண்ணை வடித்த கரைசலைச் சுடரில் தெளித்து, துத்தநாக விளக்கின் ஒளியை அதனூடே செலுத்துவார்கள். துத்தநாகம் எவ்வளவு உள்ளதோ, அதற்கேற்ப ஒளி உறிஞ்சப்படும். அதைக் கருவி அளக்கும். பயிருக்குக் கிட்டும் துத்தநாகம் கிலோ மண்ணில் 1.2 மில்லி கிராமுக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாக இடலாம்.

ஒரு எச்சரிக்கை. இரும்பு வாளியின் மேல்பூச்சே துத்தநாகம்தான். அதில் மண் சேகரித்தால் முடிவு தவறாகும். வயலில் பத்து இடங்களில் அரை அடிக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணை மூங்கில் பத்தையால் சுரண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்புங்கள். உரச் சாக்கில் கட்ட வேண்டாம்.

குறையறிந்து உரமிட்டால் காசு மிச்சம், கதிரும் திரளும்.