குடலும் மூளையும்

நுழையும்முன்

உண்ட உணவு செரிக்கும் இடம் குடல். எண்ணம் பிறக்கும் இடம் மூளை. இவ்விரண்டிற்கும் இடையே உறவு உண்டென மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அவ்வுறவை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

காப்புறை சிதையும் நோய்

நெய்வேலியில் உருவாகும் மின்சாரத்தால் சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் வீடுகளில் விளக்கெரிகிறது. வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிக்குக் காப்புறை உண்டு. அது சிதைந்தால் மின்சாரம் கசியும். நம் நரம்பிழைகளுக்கும் அத்தகைய உறை உண்டு. அதனை ‘மயலின் உறை’ என்பர். உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே அவ்வுறையைப் பகையெனக் கருதித் தாக்குவதும் உண்டு. அப்போது மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே புண்கள் தோன்றித் தழும்புகளாக இறுகும். நரம்புச் செய்திகள் தடைப்படும். இதுவே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தண்டுவட மரப்பு நோய். இதனை 1868இல் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ தெளிவுற விளக்கினார்.

இளம்பருவத்தில் நோய்

பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தோன்றும் இந்நோய், மிகச் சிலரைப் பள்ளிப் பருவத்திலேயே தாக்குகிறது. ஒரு கண்ணில் பார்வை மங்குதல், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல் ஆகியன இதன் அறிகுறிகளுள் சில. அவை சில வாரங்களில் தாமாகவே தணிவதுண்டு. தணிந்துவிட்டதென வாளாவிருப்பின், மூளையில் புதிய புண்கள் தோன்றக்கூடும்.

உறவா? காரணமா?

நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைத்துச் சிலவகைக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை வெள்ளையணுக்களின் சீற்றத்தைத் தணிக்க உதவுகின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோயுற்ற 18 சிறாரின் குடல் நுண்ணுயிர்களை நோயற்ற 17 சிறாருடையவற்றோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டது. குடல் மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குடல் மாறியதா என்னும் வினா அப்போதும் எஞ்சியது.

2017இல் ஜெர்மானிய அறிஞர்கள் விடை தேடினர். ஒருவர் நோயுற்றும் மற்றவர் நலமாகவும் இருந்த ஒத்த இரட்டையர் 34 இணையரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் சிலரது குடல் நுண்ணுயிர்களை, இந்நோய்க்கு ஒப்பான நோய் எளிதில் தோன்றும் இயல்புடைய சுண்டெலிகளுக்குள் செலுத்தினர். நோயுற்றவரின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளே மிகுதியாக நோயுற்றன. குடல் நுண்ணுயிர்கள் நோயைத் தூண்டக்கூடும் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

எனினும், எலி மனிதனன்று. தூண்டுவது மட்டுமே முழுக்காரணமும் அன்று. மரபணு, நச்சுயிர்த் தொற்று முதலியனவும் இந்நோயில் பங்கு கொள்கின்றன. தயிரும் பழைய சோறும் நல்லுணவுகளே. ஆயினும் அவை இந்நோய்க்கு மருந்தாகா. உணவால் நோய் தீருமென நம்பி மருந்தை நிறுத்தினால், இழப்பு குழந்தைக்கே.

நோயுற்றோர்க்குச் சட்டத்தின் துணையும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. புதிய கண்டுபிடிப்பை வரவேற்பதும், அதன் எல்லையை அறிந்து நடப்பதும் அறிவியல் மனப்பான்மையின் இரு கண்கள்.

கற்பவை கற்றபின்

‘உறவு’, ‘காரணம்’ ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் ஊரில் வழங்கும் உணவு நம்பிக்கை ஒன்றைச் சான்றாகக் கொண்டு விளக்குக.