உட்கார்ந்தபடியே சைக்கிள்

சைக்கிளில் இருந்து இருக்கை, சக்கரங்கள், சங்கிலி, கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டால் என்ன மிஞ்சும்? இரண்டு மிதிக்கட்டைகளும், அவற்றை இணைக்கும் இரண்டு கைகளும், நடுவில் ஓர் அச்சும் மிஞ்சும். அந்த அச்சை இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றில் பொருத்தித் தரையில் வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடி கால்களால் சுற்றலாம். இப்போது பல வீடுகளில் தாத்தா பாட்டிகளுக்காக வாங்கி வைக்கும் சிறு பெடல் கருவி இதுதான். எடை இரண்டு மூன்று கிலோகிராம் இருக்கும். அச்சின் மேல் ஒரு திருகுக் குமிழ் உண்டு. அதை இறுக்கினால் சுற்றுவது கடினமாகும், தளர்த்தினால் எளிதாகும்.

பார்ப்பதற்கு விளையாட்டுப் பொருள் போல இருக்கும் இந்தக் கருவியில், உங்கள் இயற்பியல் பாடநூலின் பாதி அடங்கியிருக்கிறது. வேலை, திறன், உராய்வு, நியூட்டனின் மூன்றாம் விதி, நீர்ம அழுத்தம் ஆகிய எல்லாவற்றையும் இதை வைத்தே கற்கலாம்.

உட்கார்ந்துகொண்டு காலால் உழைப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. ஓமலூரிலிருந்து தாரமங்கலம், இளம்பிள்ளை பக்கம் போனால் தறி நெய்யும் ஊர்கள் வரும். குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்துவார். ஒரு கட்டையை அழுத்தினால் பாவு நூல்களில் ஒரு பகுதி மேலே எழும். மறு பகுதி கீழே இறங்கும். அந்த இடைவெளியில் நாடா ஊடை நூலுடன் பாயும். நாள் முழுவதும் இப்படி மிதித்தவருக்குத் தனியாகக் கால் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. விசைத்தறி வந்தபின் அந்த வேலையை மின்மோட்டார் எடுத்துக்கொண்டது. காலால் மிதித்த தையல் இயந்திரத்துக்கும் இதே கதைதான்.

பயிற்சிக்கென்றே மிதிக்கும் கருவியும் பழையதே. இங்கிலாந்தில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் 1796-இல் காலால் மிதிக்கவும் கையால் சுற்றவும் கூடிய ஒரு பயிற்சிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். டென்மார்க் அறிவியலர் ஆகஸ்ட் குரோக் 1913-இல் மின்காந்தத்தால் தடை கொடுக்கும் நிலையான சைக்கிள் ஒன்றை அமைத்து, மனிதன் உழைக்கும்போது எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறான் என்று அளந்தார். 1920-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. மருத்துவமனைகளிலும் விண்வெளி நிலையங்களிலும் உள்ள பயிற்சி சைக்கிள்கள் அந்தக் கருவியின் வாரிசுகள்.

இனி நம் வீட்டுக் கருவிக்கு வருவோம். சைக்கிளை மிதித்தால் நாம் இடம்விட்டு இடம் போகிறோம். இங்கே எங்கும் போவதில்லை. அப்படியானால் கால்கள் செய்யும் வேலை எங்கே போகிறது? இருபது நிமிடம் சுற்றியபின் அச்சின் அருகே கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம்; சுடலாம். குமிழை இறுக்கும்போது ஒரு கட்டை அச்சின் மேல் அழுந்துகிறது. அச்சு அதில் உராய்ந்துகொண்டே சுழல்கிறது. நாம் செய்த வேலை முழுவதும் அங்கே வெப்பமாகிறது. 1798-இல் ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகரில் பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழுந்த வெப்பத்தைக் கண்டு, வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கத்தோடு தொடர்புடையது என்று வாதிட்டார் அல்லவா? அதே சோதனையை உங்கள் பாட்டி தினமும் கூடத்தில் செய்துகொண்டிருக்கிறார்!

அந்த வேலை எவ்வளவு என்று அளந்து பார்ப்போமா? பள்ளி ஆய்வகத்தில் உள்ள சுருள்வில் தராசு, ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம், இவை போதும்.

கருவியைத் தரையில் வைத்து, நண்பர் ஒருவரைச் சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிதிக்கட்டையைத் தாங்கும் கை கிடைமட்டமாக இருக்கட்டும். சுருள்வில் தராசின் கொக்கியை மிதிக்கட்டையின் அச்சில் மாட்டி, நேர் மேலே மெதுவாக இழுங்கள். முதலில் கட்டை அசையாது. தராசின் முள் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று கட்டை நகரத் தொடங்கியதும் முள் சற்று இறங்கும். நகரத் தொடங்குமுன் இருப்பது நிலை உராய்வு. நகர்ந்தபின் இருப்பது இயக்க உராய்வு. இது முன்னதைவிடச் சற்றுக் குறைவு. நமக்கு வேண்டியது இரண்டாவது அளவுதான். ஒரே சீராக நகரும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கை கிடைமட்டத்தைவிட்டு அதிகம் விலகினால் அளவு தவறும். எனவே நான்கைந்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். இரண்டு மிதிக்கட்டைகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் அவற்றின் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

முள் 1.5 கிலோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை 1.5 × 9.8 = 14.7 நியூட்டன். கையின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், ஒரு சுற்றில் கட்டை செல்லும் தொலைவு 2 × 3.14 × 0.10 = 0.628 மீட்டர். வேலை என்பது விசையும் தொலைவும் பெருகியது. ஆகவே ஒரு சுற்றுக்கு 14.7 × 0.628 = சுமார் 9.2 ஜூல். இதில் வலக்கால் எவ்வளவு, இடக்கால் எவ்வளவு என்பது இந்தக் கணக்குக்குத் தேவையில்லை; இரண்டும் சேர்ந்து செய்வது இவ்வளவே.

நிமிடத்துக்கு 50 சுற்று என்றால், திறன் 9.2 × 50 ÷ 60 = சுமார் 7.7 வாட். 1979-இல் பிரையன் ஆலன் என்பவர் ‘காசமர் ஆல்பட்ராஸ்’ என்ற விமானத்தைக் காலால் மிதித்தே ஓட்டி இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தார். 2 மணி 49 நிமிடம் விடாமல் மிதித்த அவர் கால்கள் தந்த திறன் 200 முதல் 300 வாட் அளவில் இருந்தது. நம் 7.7 வாட்டை அதனுடன் ஒப்பிட்டுச் சிரிக்க வேண்டாம். இருபது நிமிடத்தில் 1000 சுற்று. மொத்த வேலை 9200 ஜூல். பத்து மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து 12 லிட்டர் நீரை இறைக்க 12 × 9.8 × 10 = 1176 ஜூல் வேண்டும். எனவே பாட்டி கூடத்தில் உட்கார்ந்தபடியே ஏறக்குறைய எட்டு வாளித் தண்ணீர் இறைத்திருக்கிறார். (ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வருவதற்கு முன் அவர் காலை வேளையில் இதைப் போல் எத்தனை மடங்கு இறைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.) இந்த 9200 ஜூலும் 300 கிராம் இரும்புக்குள் அடைபட்டால் அதன் வெப்பநிலை 65 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். சட்டத்துக்கும் காற்றுக்கும் வெப்பம் பரவுவதால்தான் அவ்வளவு சூடாவதில்லை.

சில கருவிகளில் உராயும் கட்டைக்குப் பதில் காந்தம் இருக்கும். சுழலும் உலோகத் தட்டில் காந்தம் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அவை சுழற்சியை எதிர்க்கும். தேய்மானம் குறைவு, சத்தமும் குறைவு. விலைதான் அதிகம்.

இப்போது கருவியின் முகப்பில் உள்ள சிறு பெட்டியைப் பாருங்கள். நேரம், சுற்றுகளின் எண்ணிக்கை, கலோரி என்று மாறி மாறிக் காட்டும். வீடுகளில் பலரும் கருவியை நிறுத்துவது இந்தக் கலோரி எண்ணைப் பார்த்துத்தான். ‘இன்று நூறு ஆகிவிட்டது, இன்னொரு தோசை சாப்பிடலாம்’ என்பார் ஒருவர். சர்க்கரை நோயுள்ளவர் இப்படிக் கணக்குப் போட்டால் அது வேடிக்கையாக முடியாது. ஆகவே அந்த எண்ணைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. குமிழை நன்றாகத் தளர்த்தி 100 சுற்று சுற்றுங்கள், கலோரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குமிழை இறுக்கி, அதே வேகத்தில் 100 சுற்று சுற்றுங்கள். பெரும்பாலான சிறு கருவிகளில் இரண்டு முறையும் ஒரே எண்தான் வரும்! காரணம் எளிது. சுழலும் கையில் ஒரு சிறு காந்தம் ஒட்டியிருக்கும். அது கடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு சுவிட்சு மூடித் திறக்கும். பெட்டிக்குத் தெரிவது அந்த எண்ணிக்கை மட்டுமே. எவ்வளவு விசை கொடுத்தோம் என்பதை அறிய அதனிடம் வழியில்லை. சுற்றுகளை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கலோரி என்று எழுதிக் காட்டுகிறது. விசையை அளக்காமல் வேலையை எப்படிச் சொல்ல முடியும்?

நம் கணக்கு என்ன சொல்கிறது? ஒரு கிலோகலோரி 4184 ஜூல். 9200 ஜூல் என்பது 2.2 கிலோகலோரி. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தையே வேலையாக மாற்றுகின்றன. மீதி உடலின் வெப்பம். எனவே உணவிலிருந்து செலவானது சுமார் 10 கிலோகலோரி. இதைக் கீழ்வரம்பு என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் தடையே இல்லாமல் சுற்றினாலும், கனமான கால்களை ஏற்றி இறக்கவே தசைகள் கூடுதலாகச் செலவிடுகின்றன. சுருள்வில் தராசு அதை அளப்பதில்லை. அதையும் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு என்று வைத்தாலும் ஓர் இட்லியைத் தாண்டுவது கடினம். இட்லி ஒன்று, அளவைப் பொறுத்து, 50 கிலோகலோரி அளவில் இருக்கும்.

அப்படியானால் இந்தக் கருவி வீணா? இல்லை. அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 0.85 மீட்டர். அவ்வளவு உயரமுள்ள இரத்தத் தம்பம் தரும் அழுத்தத்தை உங்களுக்குத் தெரிந்த சூத்திரத்தாலேயே காணலாம்: உயரம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் = 0.85 × 1060 × 9.8 = சுமார் 8800 பாஸ்கல். பாதரசத்தில் சொன்னால் 66 மில்லிமீட்டர். கால்களை அசைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்தால், சிரைகளில் உள்ள இந்த அழுத்தம் நீரை நுண்குழாய்களுக்கு வெளியே தள்ளுகிறது. இரவு முழுவதும் பேருந்தில் சென்னைக்குப் போய் இறங்கும்போது செருப்பு இறுகுவது இதனால்தான்.

இதயம் இரத்தத்தைக் கீழே அனுப்பிவிடும். மேலே ஏற்ற உதவுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கும்போது சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் இரத்தத்தைக் கீழே திரும்ப விடுவதில்லை. (இந்த வால்வுகள் இதயத்தை நோக்கி மட்டுமே இரத்தத்தைப் போகவிடுகின்றன என்பதை 1628-இல் வில்லியம் ஹார்வி தம் நூலில் விளக்கினார்.) நடக்கும்போது கணுக்கால் சிரையின் அழுத்தம், அசையாமல் நிற்கும்போது உள்ளதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உட்கார்ந்து மிதிப்பதும் இந்த இறைப்பானை இயக்குகிறது. பாதத்தின் முன்பகுதியால் மிதித்து, கணுக்காலையும் மடக்கி நீட்டினால் கெண்டைக்காலுக்கு வேலை கூடும். முழங்கால் மூட்டு விறைக்காமல் இருக்கவும், தொடைத்தசை சுருங்கிப் போகாமல் இருக்கவும் இதே சுழற்சி உதவுகிறது. 1953-இல் ஜெர்ரி மாரிஸும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து, உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களுக்கு, படியேறி இறங்கும் நடத்துநர்களைவிட இதயநோய் அதிகம் என்று வெளியிட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. மிதிக்க மிதிக்கக் கருவி முன்னால் நழுவி ஓடும். பாட்டி நாற்காலியின் நுனிக்கு வந்து எட்டி எட்டி மிதிப்பார். அங்கேதான் விழும் ஆபத்து. ஏன் நழுவுகிறது? கால் தரும் உதை இடுப்பிலிருந்து மிதிக்கட்டையை நோக்கிச் சாய்வாகச் செல்கிறது. இடுப்பு கட்டையைவிட 35 சென்டிமீட்டர் உயரத்திலும், 70 சென்டிமீட்டர் பின்னாலும் இருந்தால், உதையின் கிடைக்கூறு செங்குத்துக் கூறைப்போல் இரு மடங்கு. வழவழப்பான தரையில் ரப்பரின் உராய்வுக் குணகம் ஒன்றுக்கும் குறைவே. கருவியின் எடையும் சொற்பம். காலின் எடை கட்டையை அழுத்துவதால்தான் லேசாகச் சுற்றும்போது அது நிற்கிறது. இறுக்கிவிட்டு உதைத்தால் ஓடுகிறது. அடியில் சாக்கு விரித்தால் ஓரளவு நிற்கும். கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம். எல்லாவற்றிலும் நல்லது, கருவியை நாற்காலியின் முன்கால்களோடு கயிற்றால் கட்டிவிடுவது. கால் கருவியை முன்னே தள்ளும் அதே விசையால் உடல் நாற்காலியைப் பின்னே தள்ளுகிறது. கயிறு இரண்டையும் இணைத்துவிட்டால் இரு விசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நாற்காலி கனமான மரநாற்காலியாக இருக்கட்டும். உருளை வைத்த நாற்காலி கூடவே கூடாது. கால் மிகவும் நீண்டிருக்கும் நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்குமாறு தொலைவை அமையுங்கள்.

வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி, அண்மையில் அறுவை சிகிச்சை, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மிதிக்கச் சொல்லாதீர்கள். ஒரு காலில் வரும் வீக்கம் சிரைக்குள் இரத்தம் உறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். மற்றவர்கள் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும்படி சுற்றினால் போதும். நடக்க முடிந்தவர்கள் நடப்பதை விடக்கூடாது. உட்கார்ந்து சுற்றும்போது உடலின் எடையை நாற்காலி தாங்கிக்கொள்கிறது. எலும்புகளுக்கு வேலை குறைவு, சமநிலைக்குப் பயிற்சியே இல்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது.

கடைசியாக ஒரு வேலை. குமிழின் ஓரத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். முழுவதும் தளர்ந்த நிலையிலிருந்து அரைச் சுற்று, ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று என இறுக்கி, ஒவ்வொரு முறையும் சுருள்வில் தராசில் அளந்து வரைபடம் வரையுங்கள். இருபது நிமிடம் ஓட்டி அச்சு சூடானபின் மீண்டும் ஒருமுறை அளந்து, இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவா என்று பாருங்கள். அந்த வரைபடத்தைக் கருவிக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டால், பாட்டி இன்று எத்தனை வாளி இறைத்தார் என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.