தீக்குழி பாதியில் கேமரா திணறுதா?

தீமிதியில் ஒருவர் குழியைக் கடக்க ஐந்தாறு விநாடிதான் ஆகும். அதுவரை கடகடவென்று அடித்த கேமரா, அவர் பாதிக்கு வரும்போது திணறி, அப்புறம் நொண்ட ஆரம்பிக்கும். ரந்தாவ் பக்கம், பகாவ் பக்கம் தோட்டத்துக் கோயில்களில் படம் எடுக்கும் தம்பி தங்கச்சிங்க என்னிடம் சொல்வது இதைத்தான். "அக்கா, கேமரா பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்." வேண்டாம்பா. முதலில் மெனுவைத் திற.

எடுத்த படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. கேமராவுக்குள்ளே பஃபர் என்கிற தற்காலிக நினைவகத்தில் விழுந்து, அங்கிருந்துதான் கார்டில் ஏறுகிறது. செம்பனைக் குலையை வெட்டி ரோட்டோரம் குவிக்கிறார்களே, அது மாதிரி. டிராக்டர் வந்து அள்ளுவதைவிட வேகமாக வெட்டினால், குவிக்க இடமில்லாமல் வேலை நின்றுபோகும்.

செகண்ட்ஹேண்டில் கிடைக்கும் நிக்கான் டி7200-ஐ எடுத்துக்கொள்வோம். 2015-இல் வந்த 24 மெகாபிக்சல் கேமரா. 14 பிட் ரா ஃபைல் ஒன்று ஏறத்தாழ 28 எம்பி. அதில் விநாடிக்கு 5 படம்தான் அடிக்கும். ஆக 140 எம்பி உள்ளே வருகிறது. உன் கார்டு விநாடிக்கு 80 எம்பி எழுதினாலும் 60 எம்பி தேங்கும். 18 படத்தில் பஃபர் நிரம்பிவிடும், அதாவது மூன்றரை விநாடி. குழியின் பாதி! அதையே 12 பிட் ராவுக்கு மாற்று. வேகம் 6 படமாக ஏறும், பஃபரும் 27 படம் தாங்கும். ஜேபெக் என்றால் 100 வரை போகும். மாற்றியது ஒரே ஒரு மெனு வரி.

இரவில் நெருப்பு வெளிச்சத்தில் எடுக்கிறபோது நிறத்தைப் பின்னால் சரிசெய்ய வேண்டியிருக்கும், அதனால் தீமிதிக்கு 12 பிட் ரா என்பேன். லின்சம், கெடிஸ் மாதிரி தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிக்குப் பகல் வெயிலில் ஜேபெக் தாராளம். ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கிறேன் என்று அடம்பிடிக்காதே. ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரண்டு ஃபைல், பஃபர் சீக்கிரம் அடைபடும்.

அடுத்து, கண்ணில் படாத திருடர்கள். நீண்ட நேர எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு, லென்ஸ் வளைவுத் திருத்தம் இரண்டையும் அணைத்துவிடு. முதலாவதை ஆன் செய்து வைத்திருந்தாலே போதும், வேகமான ஷட்டரில் எடுத்தாலும் சில கேமராக்களில் பஃபர் சுருங்கும். கேனனில் உயர் ஐஎஸ்ஓ நாய்ஸ் குறைப்பை 'ஹை'யில் வைத்தால் தொடர் படங்களின் எண்ணிக்கை குறையும். ஐஎஸ்ஓவும் சும்மா இல்லை. 6400-இல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், அதைச் சுருக்குவது கஷ்டம், ஃபைல் பெருக்கும். நிக்கான் கையேட்டில் இருக்கும் எண்ணிக்கை ஐஎஸ்ஓ 100-க்கு உரியது. இரவில் அதை நம்பிப் போகாதே.

கார்டு வாங்கும்போது முகப்பில் பெரிதாக அச்சடித்த வேகத்தைப் பார்த்து ஏமாறாதே. பெரும்பாலும் அது படிக்கும் வேகம். வி30 என்று போட்டிருந்தால் விடாமல் எழுதும் வேகம் குறைந்தது 30 எம்பி, வி60 என்றால் 60. ஆனால் உன் கேமரா எந்த வகைக் கார்டை ஏற்கும் என்று முதலில் பார். டி7200-இல் யுஎச்எஸ்-2 கார்டு போட்டாலும் யுஎச்எஸ்-1 வேகம்தான். இரண்டு கார்டிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லியிருந்தால், மெதுவான கார்டு எதுவோ அதுவே மொத்த வேகம்.

ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்து வியூஃபைண்டரின் ஓரத்தைப் பார். நிக்கானில் 'ஆர்' எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் தெரியும். இன்னும் எத்தனை படத்துக்கு இடம் என்று அர்த்தம். அது சைபரைத் தொடும் முன்பே விரலை எடு. மூன்று மூன்றாக அடித்து, நடுவில் ஒரு மூச்சு விட்டால் கார்டு எழுதித் தள்ளிவிடும். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருப்பவனுக்குத்தான் நல்ல படம் தப்பும். ஃப்ளாஷ் வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், நடப்பவர் கண்ணும் கூசும்.

பிப்ரவரி, மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்துகளை எடுக்கப் போகிறாயா? டி7200-இல் 1.3 கிராப் போட்டுக்கொள். பருந்து எப்படியும் நடுவில்தான் இருக்கும். ஃபைல் சிறுக்கும், 12 பிட்டில் விநாடிக்கு 7 படம் வரும்.

அடித்து முடித்ததும் கார்டு எழுதும் விளக்கு அணையும்வரை பேட்டரியையோ கார்டையோ கழற்றாதே. பஃபரில் காத்திருக்கும் படங்கள் போய்விடும். திருவிழாவுக்கு முந்தின ராத்திரியே, அதே ஐஎஸ்ஓ, அதே கார்டு போட்டு, எத்தனையாவது படத்தில் திணறுகிறது என்று எண்ணிப் பார். லென்ஸ் மூடியோடு சோதிக்காதே. கறுப்புப் படம் சின்ன ஃபைல், கணக்குப் பொய்யாகிவிடும்.